பதினெட்டு கஜம்

பந்து அந்தக் கோடியில் இருக்கிறது. நல்லது, அங்கேயே இருக்கட்டும். ப்ரென்ஷா அணியின் கோலுக்கு முன்னால் எங்கள் ஃபார்வர்டுகள் ஐந்து பேரும் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள், ஜனம் மொத்தமும் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பியிருக்கிறது, என்னை யாரும் பார்க்கவில்லை, நியூபோல்டைத் தவிர. இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஒரு கோல் முன்னால் இருக்கிறோம். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் என் கைகள் சொன்ன பேச்சைக் கேட்டால் போதும். கால்கள் எப்படியும் போகட்டும், கால்களைப் பற்றி லண்டனில் யாரும் புதுச் சட்டம் போடவில்லை. பதினேழு வருஷமாக கோல்கீப்பராக நிற்பவன், ஹார்ல்டன் அணியின் ஈனாக் ஹேல், முப்பத்தாறு வயதில் தன் கைகளைக் கண்டே பயப்படுகிறான் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் செய்தார்கள், போன மாதம். அதை இப்போது நினைக்க வேண்டாம். போன ஜூன் மாதம், நான் வீட்டுக் கூரைக்குத் தார் பூசிக்கொண்டிருந்த அதே வாரமாகக்கூட இருக்கலாம், கனவான்கள் சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டார்கள். கோல்கீப்பர் இனிமேல் பெனால்டி பெட்டிக்குள் மட்டும்தான் பந்தைக் கையால் தொடலாம். போன சீசன் வரைக்கும் மைதானத்தில் எங்கள் பாதி முழுவதும் எனக்குச் சொந்தம், நடுக்கோடு வரைக்கும் போய்க் கையால் பிடிக்கலாம். இப்போது பதினெட்டு கஜம். கோலுக்கு முன்னால் பதினெட்டு கஜத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் என் கைகள் என் கைகள் இல்லை. இன்று மதியம் உடைமாற்றும் அறையில் செக்ரட்டரி மிஸ்டர் லம் தன் தொப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல், தொப்பிக்கே சொல்வது போல: "ஹேல், ஆகஸ்ட்ல நடந்தது ஆகஸ்டோட போகட்டும். இன்னிக்குக் கோட்டுக்கு வெளிய உன் கை ஒரே ஒரு தடவை பந்துல பட்டாலும் திங்கக்கிழமையிலேர்ந்து நியூபோல்டுதான் கோல்ல நிப்பான். டைரக்டர்கள் முடிவு பண்ணியாச்சு. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதே." சரி மிஸ்டர் லம் என்றேன். வேறென்ன சொல்வது. எல்லோரும் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதில் ரொம்பக் கவனமாக இருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் பேர் வாங்கியதே கோட்டுக்கு வெளியேதான். கோலுக்குள் நின்று பந்தைப் பிடிக்க நாடு முழுக்க நூறு பேர் இருந்தார்கள், ஓடத் தெரிந்தவர்கள் மிஞ்சினால் நான்கு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டுக்கு மேல் போகக்கூடாது, பழைய விதி அது. அதனால் தரையில் தட்டிப் பிடித்து, தட்டிப் பிடித்து ஓடுவேன், எதிரே வருகிறவனைத் தோளால் ஒதுக்கி, நடுக்கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் நின்று, எங்கள் சென்டர் ஃபார்வர்டின் காலடியில் பந்தை உதைத்துப் போடுவேன். எனக்குத் தபால்காரர் என்று பேர். நான் கோலை விட்டுக் கிளம்பினாலே "தபால் வருது, தபால் வருது" என்று நிலக்கரிக் குவியல் பக்கத்து மேட்டில் நிற்கிற கூட்டம் கத்தும். அந்தச் சத்தம் முதுகைப் பிடித்துத் தள்ளும், ஓடிய ஞாபகமே இருக்காது. பத்தொன்பது வயதில் சுரங்கத்திலிருந்து நேரே ஆட்டத்துக்கு வந்தவன் நான். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து காதுக்குள் கரியோடு தேவாலய அணிக்கு நின்றேன், ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார், மூன்றாவது வாரம் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றுக்கு ரயில் ஏறினேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், பேனாவைப் பிடித்த என் கையின் அளவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். அங்கே ஆறு வருஷம். பிறகு வடக்கே, ஹார்ல்டனுக்கு, பதினொரு வருஷம். ஒரே ஒரு தடவை இங்கிலாந்து அணிக்கான தேர்வு ஆட்டம் வந்தது. எனக்கு முன்னால் நின்று தடுத்தாடுகிற பேக்குகள் இரண்டு பேரும் அன்றைக்கென்று பார்த்து அப்படி ஆடினார்கள், தொண்ணூறு நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது நான்கே தடவை. எங்கள் ஃபார்வர்டுகள் எதிர்ப்பக்கத்துக் கோல்கீப்பரை முற்றுகையிட்டார்கள், பாவம், அவன் பாய்ந்து பாய்ந்து பிடித்தான், அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். பாதுகாப்பாக இருந்ததால் கெட்டுப்போனவன் நான் ஒருவன்தான். அதைப் பற்றி எனக்கு இப்போது கசப்பு இல்லை. இருக்கிறது. ஐந்து வருஷம் ஆகியும் இருக்கிறது, இல்லாவிட்டால் பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது எதற்கு நினைக்கிறேன்.

வருகிறது. அவர்களுடைய வலப்பக்க ஆள், குட்டையன், பந்தைக் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு வருகிறான், உள்ளே தூக்கிப் போடுவான், போட்டுவிட்டான், உயரம், என் பந்து, "என்னோடது" என்று கத்துகிறேன், எழும்புகிறேன், கையில் வந்து விழுகிறது. தோலின் வாசனை, தையல் கயிறு உள்ளங்கையில் அழுத்துகிறது. அந்த நொடி எல்லாம் சரியாக இருக்கிறது, உலகத்தில் எந்தக் கோடும் இல்லை. அப்புறம் கால் கிளம்புகிறது. நான் சொல்லவில்லை, அதுவாகக் கிளம்புகிறது, வலது கை பந்தைத் தரையில் தட்டத் தாழ்கிறது, நில், நில் என்று எனக்குள் யாரோ அலற, நின்று, உதைக்கிறேன். பந்து போகிறது. உள்ளங்கை வேர்த்துப்போய்விட்டது, ஜெர்சியில் துடைக்கிறேன். சேத் பார்க்கின் திரும்பிப் பார்க்கிறான், எனக்கு முன்னால் ஒன்பது வருஷமாக வலது பேக், என் பொய்களில் பாதிக்கு அவன்தான் சாட்சி. "ஈனாக், பிடிச்சதும் உதைச்சுடுப்பா. நடக்காதே." "நடக்கல." "நடந்தே. மூணு எட்டு. நான் பாத்தேன்." அவன் பார்த்தால் நியூபோல்டும் பார்த்திருப்பான். கீழே பார்க்கிறேன். எங்கே நிற்கிறேன்? புல் செப்டம்பர் வெயிலில் காய்ந்து வெளிறிக் கிடக்கிறது, வெள்ளைக்கும் வெளிறலுக்கும் வித்தியாசம் குனிந்தால்தான் தெரிகிறது. கோலை ஒட்டி ஆறு கஜத்தில் சின்னப் பெட்டியின் கோடு, அது கோல் கிக் வைப்பதற்கு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு அப்பால் பன்னிரண்டு கஜம் தள்ளிப் பெரிய பெட்டியின் கோடு, அதுதான் என் கோடு. பத்து வருஷமாக இந்த இரண்டும் இங்கேதான் கிடக்கின்றன, நான் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. சொந்த வீட்டில் எத்தனை படி என்று எவன் எண்ணுகிறான். இப்போது எண்ணுகிறேன், கோல் கம்பத்திலிருந்து பெரிய கோட்டுக்கு என் எட்டில் பத்தொன்பது, ஓடினால் பதினொன்று, இடைவேளைக்கு முன்னால் இரண்டு தடவை நடந்து பார்த்தேன், கால் வலியைப் போக்க நடப்பது போல நடித்துக்கொண்டு. ஓடும்போது எண்ண முடியுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பழக்கம் என்பது பழகப் பழகத்தான் போகும், ஆனால் பழகுவதற்குப் பந்து வேண்டுமே. எங்கள் பயிற்சியாளர் வாரத்தில் ஐந்து நாள் பந்தைக் கண்ணில் காட்டமாட்டார், இங்கே மட்டுமில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான். திங்கள் முதல் வெள்ளி வரை பந்துக்குப் பட்டினி கிடந்தால்தான் சனிக்கிழமை பசியோடு பாய்வார்களாம். மைதானத்தைச் சுற்றி ஓட்டம், எட்டு மைல் நடை, கர்லாக்கட்டை, கயிறு தாண்டல், சூடான தொட்டிக் குளியல், பந்து மட்டும் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். புதுச் சட்டம் வந்திருக்கிறது, எனக்கு மட்டும் அரை மணி நேரம் பந்து வேண்டும் என்று போய்க் கேட்டேன். "சட்டத்தைப் படிச்சுக்கோ ஹேல். படிக்கத் தெரியுமில்ல?" என்றார். படித்தேன். ஈனாக் ஹேல் படித்துவிட்டான், அவன் கைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை. லெட்டிதான் வழி கண்டுபிடித்தாள். என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் நெசவாலையில் இருந்தவள். புதிதாக வருகிற பெண்களுக்கு முதல் நாள் என்ன சொல்லிக்கொடுப்பார்கள் தெரியுமா என்று கேட்டாள். தறிநாடா பறக்கும்போது கையை நீட்டாதே என்று சொல்லமாட்டார்களாம், சொன்னால் நீளத்தான் செய்யுமாம். "கையைச் சும்மா இருன்னா இருக்காது ஈனாக். அதுக்குப் போறதுக்கு ஒரு இடம் கொடு. நாங்க ஏப்ரன் பைக்குள்ள விட்டுக்குவோம்." ஜெர்சியில் பை இல்லை. அக்குள் என்று முடிவு செய்தோம். கொல்லைப்புறத்தில் கரிக்கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் நடுவே கல் பாவிய தரை, அதில் மாவைத் தூவி ஒரு கோடு போட்டாள். கிழிந்த பந்துக்குள் கந்தலை அடைத்துத் தைத்தாள். மாலைத் தேநீர் முடிந்ததும் தினமும், மூன்று வாரம். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவள் எறிந்தால் பிடிக்க வேண்டும், கோட்டைத் தாண்டி ஓடிவரும்போது எறிந்தால் கைகள் அக்குளுக்குப் போக வேண்டும், காலால்தான் தடுக்க வேண்டும். "வெள்ளை தெரிஞ்சா கை எங்க?" "அக்குள்ல." "சொல்லாதே, செய்." முதல் வாரம் பிடித்துப் பிடித்து அவளிடம் திட்டு வாங்கினேன். இரண்டாவது வாரம் யோசித்துச் செய்தேன், அவள் தலையை ஆட்டினாள், யோசிக்கிறது கண்ணில் தெரிகிறதாம். மூன்றாவது வாரம் யோசிக்கவில்லை. வெள்ளை கண்ணில் பட்டதும் கைகள் தாமாகவே பறந்து போய் ஒளிந்துகொண்டன. போன வியாழக்கிழமை பால்வண்டி கவிழ்ந்து தெருவில் பால் ஓடியது, அதைத் தாண்டினேன், பார்த்தால் இரண்டு கையும் அக்குளில், எதிர்வீட்டுக்காரர் "குளிருதா ஈனாக்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து லெட்டியிடம் சொன்னதும் அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். இன்று ஆட்டத்துக்கு வரவில்லை, வந்தால் என் கையை மட்டும்தான் பார்ப்பேன் என்றாள்.

இன்னும் முப்பது நிமிடம் இருக்கலாம். பந்து நடுவில் அங்குமிங்கும் அலைகிறது, யாருக்கும் அடங்கவில்லை. கைகளை இடுப்பில் வைக்கிறேன், எடுக்கிறேன், எங்கே வைத்தாலும் அதிகப்படியாக இருக்கின்றன. என்னை எடுத்துவிட்டால் வேறு கிளப் எடுக்காது. முப்பத்தாறு வயதில், அதுவும் ஓட்டத்தைத் தடை செய்த பிறகு, ஓடுகிற கோல்கீப்பர் யாருக்கு வேண்டும். கடை வைக்கலாம் என்பார்கள், மதுக்கடை வைத்த பழைய ஆட்டக்காரர்கள் உண்டு, எனக்குப் பேசி விற்கத் தெரியாது, ஐந்து நிமிடத்தில் வந்தவனிடம் சண்டைக்குப் போவேன். எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை ஒன்றே ஒன்று, அது தரைக்கு அடியில் இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து ஏழு வருஷம் பார்த்த வேலை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஐசக் வீட்டுக்கு வந்திருந்தான், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேக்கைத் தின்றுகொண்டே, நல்ல மனதோடுதான், "மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கவா? இப்பவே சொன்னாத்தான் இடம் கிடைக்கும்" என்றான். எதுக்கு என்று கேட்டேன். "சும்மா. ஒருவேளைக்கு." அந்த "ஒருவேளைக்கு" இன்னும் காதிலேயே நிற்கிறது. ஐசக்கும் நானும் ஒன்றாக உள்ளே அகப்பட்டோம், எனக்குப் பதினேழு, அவனுக்கு இருபது. கூரை இறங்கியது, விளக்கு போனது, பதினோரு மணி நேரம். அவன் கால் கல்லுக்கு அடியில், என் கால் வெளியே, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு இடுக்கு, அதன் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருட்டு என்றால் மேலே இருக்கிறவர்கள் நினைக்கிற இருட்டு இல்லை, கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான், கொஞ்ச நேரத்தில் கண் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும். கை மட்டும்தான் இருந்தது. அவன் அழுத்துவான், நான் அழுத்துவேன். ஒரு நேரம் அவன் அழுத்தவில்லை. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரமென்று தெரியாது, அந்த நேரம் இன்னும் முடியவில்லை என்று சில நாள் தோன்றும். மயக்கம்தான், பிழைத்துக்கொண்டான், ஒரு காலோடு. இப்போது மேலே கொட்டகையில் உட்கார்ந்து நிலக்கரியிலிருந்து கல் பொறுக்குகிறான், விசிலடித்துக்கொண்டே பொறுக்குகிறான். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற அந்தக் கூண்டில் நான் இறங்க மாட்டேன். இறங்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு இந்தப் பதினெட்டு கஜத்தை விட்டால் வேறு இடம் கிடையாது. கூண்டு கீழே விழத் தொடங்கும்போது வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடுமே, அது இப்போதே நின்றிருக்கிறது, வெட்டவெளியில், நல்ல வெயிலில், பதினாயிரம் பேருக்கு நடுவில்.

நியூபோல்ட் கோட்டோர பெஞ்சில் இருக்கிறான், என்னிடமிருந்து நாற்பது கஜம்கூட இருக்காது. பழுப்பு நிற சூட், தொப்பி மடியில். இருபத்தாறு வயது. ஜூலையில் வாங்கி வந்தார்கள், ஒருவேளைக்கு. அவன் கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். இருக்கவில்லை. முதல் நாளே வந்து கை கொடுத்து, "நீங்க பந்தைக் குத்தி வெளிய அனுப்பறதை நான் சின்ன வயசுல வந்து பாத்திருக்கேன் மிஸ்டர் ஹேல், கட்டை விரலை எங்க வைப்பீங்க?" என்று கேட்டான். காட்டினேன். என் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவனுக்கு என் கையாலேயே காட்டினேன், அதைக் காட்டும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நினைத்தால் இப்போது எரிகிறது. ஆகஸ்டில் எங்கள் முதல் அணிக்கும் இரண்டாவது அணிக்கும் நடந்த ஆட்டத்தை ஊர் முழுக்க வந்து பார்த்தது. முதல் பாதியிலேயே ஒரு தடவை கோட்டுக்கு வெளியே பிடித்தேன், போகட்டும், புதுசுதானே என்றார்கள். இரண்டாவது பாதியில் பந்தைத் தட்டித் தட்டி நடுக்கோடு வரைக்கும் ஓடிவிட்டேன். அங்கே போன பிறகுதான் விசில் காதில் விழுந்தது, யார் தப்புச் செய்தது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அதுதான் மோசம். எனக்குத் தெரியவே இல்லை. ரெஃபரி என் கையைச் சுட்டிக்காட்டினார், என் கையில் பந்து இருந்தது. மேட்டிலிருந்து ஒருவன், "தபால்காரரே, விலாசம் மாறிப்போச்சு" என்று கத்தினான், மூவாயிரம் பேர் சிரித்தார்கள், பதினொரு வருஷமாக என் முதுகைத் தள்ளிய அதே வாய்கள். நியூபோல்ட் எதிர்க் கோலில் நின்றிருந்தான், அவன் சிரிக்கவில்லை. இப்போதும் சிரிக்கவில்லை, கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான், ஒரு கோல்கீப்பர் இன்னொரு கோல்கீப்பரைப் பார்க்கிற மாதிரி, பந்து எங்கே இருந்தாலும் ஆளைப் பார்க்கிற மாதிரி. பார்க்காதே. பந்தைப் பார். நான் பந்தைப் பார்க்கிறேனா? பந்து எங்கே?

பந்து சேத்திடம். சேத் திரும்புகிறான், வழுக்குகிறான், காய்ந்த புல்லில் யாராவது வழுக்குவார்களா, முப்பத்து மூன்று வயதில் முழங்கால் போனால் எதிலும் வழுக்கும், அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட், செம்பட்டைத் தலை, பெரிய உடம்பு, பந்தைப் பறித்து முன்னால் தள்ளிவிட்டான், கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டான், அவனுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை, பந்து குதித்துக் குதித்து என்னை நோக்கி வருகிறது. போகலாம். கோலை விட்டுக் கிளம்பிவிட்டேன், யோசிக்கவில்லை, இது நல்ல முடிவு, அவனுக்கு முன்னால் நான் போய்விடுவேன், அவன் கனத்த ஆள், எனக்கு ஓடத் தெரியும், எத்தனை எட்டு, இரண்டு, மூன்று, கோடு எங்கே, எண்ணு, லெட்டி, வெள்ளை தெரிந்தால், பந்து கடைசியாக ஒரு தடவை தரையில் பட்டு எழும்புகிறது, மார்பு உயரம், அதைவிட நல்ல உயரம் கிடையாது, தேவாலய அணியில் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பேன், காலுக்குக் கீழே வெள்ளை, வெள்ளை போனது, தாண்டிவிட்டேன். கைகள் போய்விட்டன. அக்குளின் சூடு, விலா எலும்பு, விரல் நுனியில் என் இதயமே தட்டுகிறது. காலை நீட்டினேன். மார்பு உயரத்தில் வருகிற பந்துக்குக் கால் எதற்கு. பந்து என் இடது முழங்கையை உரசிக்கொண்டு போனது, ரொம்ப மெதுவாக, போகலாமா என்று கேட்டுக்கொண்டு போகிற மாதிரி. செம்பட்டைத் தலையன் ஓடுவதை நிறுத்தி நின்றுவிட்டான், அவன் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. பின்னால் வலையில் சின்னச் சத்தம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ரெஃபரி நடுக்கோட்டைக் கைகாட்டிவிட்டுப் போகிறார். ஒன்றுக்கு ஒன்று. நான் கீழே பார்க்கிறேன். வெள்ளைக் கோடு என் குதிகாலுக்குப் பின்னால் இரண்டு எட்டில் இருக்கிறது, தெளிவாக, புதுச் சுண்ணாம்பு. அதற்குப் பின்னால் கோல், எட்டிவிடும் தூரத்தில். நிமிர்ந்து முன்னால் பார்க்கிறேன், அதோ, இன்னொரு வெள்ளைக் கோடு, பத்து கஜம் தள்ளி, யாரும் மிதிக்காமல் கிடக்கிறது. நான் தாண்டியது சின்னப் பெட்டியை. ஆறு கஜம். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத கோடு. பெட்டிக்கு நடுவே, உலகத்தில் இந்தக் கைகளுக்கு அனுமதி உள்ள ஒரே இடத்தில் நின்றுகொண்டு கையை ஒளித்துக்கொண்டேன். கொல்லைப்புறத்தில் ஒரு கோடுதான் இருந்தது, லெட்டி, அங்கே இரண்டாவது கோட்டுக்கு இடமில்லை. அவளிடம் இதை எப்படிச் சொல்வேன். சொன்னால் மாவைத் தூவிய தன் கையைத்தான் அவள் குற்றம் சொல்வாள், அதைத் தாங்க முடியாது. சேத் பக்கத்தில் வந்து நிற்கிறான், மூச்சு வாங்குகிறது. "என் தப்புப்பா. வழுக்கிடுச்சு." பிறகு என் அக்குளைப் பார்க்கிறான். "ஈனாக். கையை எடு. எல்லாரும் பாக்கறாங்க." எடுக்கப் பார்க்கிறேன். வரவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறது. கோட்டுக்கு வெளியே என் கை பந்தில் படவில்லை மிஸ்டர் லம், ஒரு தடவைகூடப் படவில்லை, நீங்கள் சொன்னது அதுதானே, உங்கள் வார்த்தைப்படி பார்த்தால் நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று ஒரு வாதம் மனதுக்குள் ஓடுகிறது, அதை அவரிடம் சொல்கிற என் குரலும் கேட்கிறது, ஐசக்கின் அந்த "ஒருவேளைக்கு" கூடக் கேட்கிறது. சேத் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளியே இழுக்கிறான், முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. பந்தை எடுக்க வலைப்பக்கம் திரும்பும்போதுதான் பெஞ்ச் கண்ணில் படுகிறது. நியூபோல்ட் எழுந்து நிற்கிறான். தொப்பி தரையில் விழுந்து கிடக்கிறது. முன்பக்கம் லேசாகக் குனிந்து, இரண்டு கையையும் மார்புக்கு நேரே குவித்து வைத்திருக்கிறான், விரல்கள் விரிந்து, நடுவில் சரியாக ஒரு பந்தின் அளவு இடம். தான் அப்படி நிற்பது அவனுக்கே தெரியவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்ததும் முகம் சிவந்து கைகளை அவசரமாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறான். அவனைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். சரியாகத்தான் பிடித்திருந்தான்.